ராசனை எங்கே வைப்பது

8 மார்ச் 2005
சுரங்கக் கொம்பனியின் கடிதம் வந்தது. ஊரோடு கல்லறைகள் உள்ள சேமக்காலையையும் அடுத்த வருடம் தோண்டுவார்களாம். அடியில் நிலக்கரி இருக்கிறதல்லவா, செத்தவர்களும் எழும்பத்தானே வேண்டும். ராசனைக் கொம்பனி கட்டும் புது ஊருக்குக் கொண்டுபோவதா, நான் சொல்லும் வேறு நகரத்துக்கா? ஒன்றுக்குப் புள்ளடி போட்டு அனுப்பட்டுமாம். என் மனிசனைப் புதைத்து மூன்று வருடம்கூட ஆகவில்லை.

10 மார்ச்
பதினொரு வருடம் அதே சுரங்கத்தில் கரி போகும் பெல்ற்றுக்குக் கீழே கூட்டி அள்ளினவர். கிணறெல்லாம் வற்றுது, ஜன்னலெல்லாம் தூசி என்று நான் புறுபுறுத்தால், "இந்த நாட்டிலை பாதி லைற் கரியாலைதான் எரியுது. எங்கடை அடுப்பும் அதாலைதான். சும்மா இரும்" என்பார்.
இப்ப சொல்லுங்கோ பாப்பம்! உங்களையும் கிளப்பிப்போட்டெல்லோ லைற் எரிக்கப் போறாங்கள்.

20 மார்ச், குருத்தோலை ஞாயிறு
டோர்ட்மண்டிலிருந்து தங்கச்சி கொறற்றி போன் எடுத்தாள். "அக்கா, அத்தானை இஞ்சை கொண்டு வாங்கோ. நீங்களும் வாங்கோ. தமிழ்ப் பூசை இருக்கு, நாங்கள் இருக்கிறம். அங்கை ஆர் உங்களுக்கு?"
ஆர் எனக்கு? அழுதுவிட்டேன். டோர்ட்மண்டுக்குப் புள்ளடி போட்டேன்.

3 ஏப்ரல்
பக்கத்து வீட்டுக் கிளாசனைச் சேமக்காலையில் கண்டேன். அவருடைய மனைவியின் கல்லறை ராசனுக்கு அடுத்தது. இரண்டு பேரையும் புது ஊரிலும் பக்கத்தில் வைப்பார்களா என்று கேட்டார். டோர்ட்மண்ட் என்றேன். "அப்படியா" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

30 ஜூன்
எங்கள் தெருவில் ஏழு வீடு பூட்டு. இன்றைக்கு றேடியோ மட்டும்தான் என்னோடு கதைத்தது.

11 செப்டெம்பர்
கொறற்றி. "அக்கா, ஏசாதேங்கோ. பாஸ்போட் வந்திட்டுது. பிள்ளையளின்ரை படிப்புக்கு லண்டனுக்குப் போறம்."
"அப்ப அத்தான்?" என்று கேட்டேன்.
"நீங்கள் டோர்ட்மண்டிலை இருப்பியள்தானே..."
நல்லாயிரு என்று சொல்லிப் போனை வைத்தேன். பிறகு தனியே நின்று கத்தினேன். விசரி! அவளில்லை, நான்தான் விசரி. ஒரு போன் கதையை நம்பிப் புருசனைத் தெரியாத ஊருக்கு எழுதிக் குடுத்தவள் நான்.

13 செப்டெம்பர்
ரெர்மின் எடுத்து, அவர்கள் குறித்துத் தந்த நேரத்துக்குக் கொம்பனி அலுவலகத்துக்குப் போனேன். புள்ளடியை மாற்றத் தவணை முடிந்ததாம், புது ஊரில் இடமெல்லாம் பிரித்துக் கொடுத்தாயிற்றாம். யாராவது தங்கள் இடத்தை விட்டுக்கொடுத்தால் பார்க்கலாம் என்றாள் அங்கிருந்த பெண். நான் யாரைக் கேட்பது? இருபது வருடத்தில் இந்த ஊரில் யார் வீட்டிலாவது உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேனா?

18 செப்டெம்பர்
வெட்கத்தை விட்டுக் கிளாசனின் மணியை அடித்தேன். முழுவதும் கேட்டார். மனைவிக்கு ஒரு பக்கம் தனக்கும், மறுபக்கம் மகனுக்கும் இடம் எடுத்து வைத்திருக்கிறாராம். "மகன் ஒஸ்ரேலியாவில் வீடு கட்டிவிட்டான். வரமாட்டான்" என்றார். மகனின் இடத்தை ராசனுக்கு எழுதித் தரப் பேனையைத் தேட அவருக்குக் கனநேரம் பிடித்தது.

16 மே 2006
விடியவே கல்லறைகளை மாற்றினார்கள். மறைப்புக்கு வெளியே நின்றோம். எலும்பு பார்க்கக் கூடாதாம், பார்க்கவும் ஏலாது. கிளாசன் கால் வீங்கி வரவில்லை. அதிகாரி அவருடைய மனைவியின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். ஒருவரும் போகவில்லை. நான் போனேன்.
ராசனின் தாளில் "உறவு" என்ற இடத்தில் மனைவி என்று எழுதினேன். அவவின் தாளில் கொஞ்சம் யோசித்து, "பக்கத்து வீடு" என்று எழுதி, பேர்பெச்சுவா என்று என் பெயரில் கையெழுத்து வைத்தேன். அதிகாரி வாசித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.