ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது

9, செவ்வாய்
வாசலில் அக்காவை இன்றும் நிறுத்தினார்கள். பக்கத்து மேசையில் பெட்டி ஒட்டுபவள். வேலை முடிந்து போகும்போது மெஷினில் அடையாள அட்டையைக் காட்டி சிவப்பு எரிந்தால் சோதனை அறைக்குப் போய்ப் பையைக் கொட்ட வேண்டும். அதற்குள் கம்பெனி பஸ் போய்விடும்.

"தினம் ஒருத்தியவே பிடிக்குதே, நெருப்பில்லாமப் புகையுமா?" என்றார் லோடு ஏற்றும் அண்ணன். பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

11, வியாழன்
மேற்பார்வையாளரிடம் கேட்டாளாம். "மெஷின் குலுக்கல்ல ஆளைப் பிடிக்குது. அதுக்கு மாமன் யாரு, மச்சான் யாரு?" என்றாராம்.

16, செவ்வாய்
அக்கா அழுதாள். "இன்னும் ஒரு நாள் லேட்டானா பிள்ளைக்கு வேற இடம் பாத்துக்கங்கன்னு காப்பகத்துல சொல்லிட்டாங்கப்பா."

வேறு இடம் எங்கே இருக்கிறது? பிள்ளையை விட இடமில்லை என்றால் வேலையும் போச்சு.

17, புதன்
இன்று அக்காவுக்குப் பச்சை! ஏன்?

நாங்கள் சேர்ந்தது ஒன்றாம் தேதி. அன்று எல்லோரையும் நிறுத்தியது. இரண்டாம் தேதி பாதிப் பேரை. மூன்றாம் தேதி இன்னும் குறைவு. குலுக்கலாவது மண்ணாவது! அன்றைய தேதி யார் அட்டை எண்ணை மீதியில்லாமல் வகுக்கிறதோ, அவர் சிக்குகிறார். எவனோ ஒரு சோம்பேறி எழுதிய நிரல்.

அவள் எண் 720720. ஒன்றிலிருந்து பதினாறு வரை அத்தனையும் அதை வகுக்கும். பதினேழு வகுக்காது. நாளை பதினெட்டு — வகுக்கும்.

என் எண் 720719. சேர்ந்த அன்று அட்டை வாங்கும் வரிசையில், "நீ முன்னாடி போப்பா" என்று அவள்தான் விட்டாள். அந்த ஒன்று குறைந்ததில் நான் தப்பினேன். 17, 19, 23, 29 எல்லாம் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மீதி. ஒன்றாம் தேதி எல்லோருக்கும்தான்; மற்றபடி மாசம் முப்பது நாளும் என்னை எவனும் தொட முடியாது.

18, வியாழன்
மேற்பார்வையாளரிடம் சொன்னேன். "கணக்கு வாத்தியாரா நீ? போய்ப் பெட்டிய ஒட்டு."

சாயங்காலம் அட்டைகளை மாற்றிக்கொண்டோம். அட்டையில் பேரோ படமோ கிடையாது, எண் மட்டும். எங்கள் மூஞ்சி யாருக்கு வேண்டும்? எனக்குச் சிவப்பு. சோதனை அறை ஜன்னலில் பார்த்தேன், பஸ்ஸில் அக்கா. திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுதான் சரி.

20, சனி
மறுபடி நடந்தே வந்தேன். கால் வீக்கம். "அவ போயி இப்ப நீயாடா? தொற்று வியாதியா?" — லோடு அண்ணன்.

25, வியாழன்
இன்று எங்கள் இரண்டு எண்ணுமே சிக்காது. ஆனாலும் மாற்றிக்கொண்டோம், பழக்கம். காலையில் திருப்பிக் கொடுப்பது, மாலையில் மாற்றுவது. அக்கா இப்போதெல்லாம் பாட்டு முணுமுணுக்கிறாள்.

31, புதன்
அவள் அட்டை என் கழுத்தில் — பச்சை.
என் அட்டை அவள் கழுத்தில் — சிவப்பு.

"அண்ணே, அஞ்சு நிமிஷம் நில்லுங்கண்ணே" என்று கெஞ்சினேன். டிரைவர் கதவை மூடினார். "ஒருத்திக்காக நிக்க முடியாதுப்பா."

31 × 23249 = 720719. மீதி பூஜ்யம்.

மாசத்துக்கு முப்பது நாளாம். எந்த மடையன் சொன்னான்? நான்தான். இன்று ஒரு நாள் மாற்றாமல் விட்டிருந்தால், சொந்த அட்டையோடு போயிருப்பாளே!

1, வியாழன்
பக்கத்து மேசை காலி. காலையில் அட்டையை வாங்க அவள் வரவில்லை. 720720 என் கழுத்திலேயே கிடக்கிறது.

மாலையில் எல்லோரையும் நிறுத்தினார்கள். ஒருவர் விடாமல் பையைக் கொட்டி முடிக்க ஒரு மணி நேரம்.

பஸ் காத்திருந்தது.