கறுப்பு பீருக்கு நான் போட்ட மார்க்கு

பெரியவன் அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா? முட்டி வலி குறைஞ்சுதா? பசங்க ஒழுங்கா சாப்பிடுறாங்களா? நான் சுகம்.

உன் தம்பி போன்ல வத்தி வைக்கிறதுக்குள்ள நானே சொல்லிடறேன். நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சதும் சூப்பர்வைசர் எங்களை ஒரு பாருக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஆறு கிளாஸ் கறுப்பு பீர். ருசி பார்த்துப் பத்துக்கு மார்க்கு போடணுமாம். பள்ளிக்கூடத்துல நானே மார்க்கு வாங்கினதில்ல, பீருக்கு நான் போடணுமாம்! கர்மம்.

"குடிக்க மாட்டேன்னு பொண்டாட்டி தலையில கை வச்சு சத்தியம் பண்ணிருக்கேன் சார்"னேன். உன் தம்பி விட்டானா? "மாமா, நாக்குல தொட்டா குடிச்சதாவா ஆயிடும்? பொம்பள மாதிரி பயப்படாதீங்க"ங்கிறான். உன்னைப் பார்த்து வளர்ந்தவன் பேசுற பேச்சா இது? எரிச்சல்ல தொட்டேன்.

அஞ்சு கிளாஸும் கஷாயம். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மார்க்கு. ஆறாவதுல, நீ அடுப்புல வச்சிட்டு மறந்துபோய்த் தீய விடுவியே, அந்தக் காபி வாசம். பத்துக்குப் பத்து போட்டேன். மீசையில நுரையோட என்னைப் படம் புடிச்சிட்டான் பாவி.

படத்தைக் காட்டினா நம்பாத. காபித்தூள் கொஞ்சம் அனுப்பு. பதிலைப் பசங்களை விட்டு எழுதாம, நீயே உன் கையால எழுது. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு, அந்த ஆறாவது கிளாஸை மட்டும் நான்... இரு, "மாமா, லாரி வந்துருச்சு!"ன்னு உன் தம்பிதான் கத்துறான்.