திறக்கக் கூடாத எட்டு நீலப் பீப்பாய்கள்

அனுப்புநர்:
ருமியாத்தி,
கறவை மாடு வளர்ப்பவர்,
பள்ளிவாசலுக்குப் பின் வீடு,
கெடுங்வாரு கிராமம், கிழக்கு ஜாவா.

பெறுநர்:
உயர்திரு வட்டாரத் தலைவர் அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: சாராயம் எனக் கருதிக் கைப்பற்றப்பட்ட எட்டுப் பீப்பாய் மாட்டுத் தீவனத்தை, மேற்கொண்டு திறக்காமல் திருப்பித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மூன்று கறவை மாடுகளை வைத்துப் பிழைத்து வருகிறேன். மழைக்காலத்தில் எங்கள் ஊரில் புல்லுக்குக் குறைவில்லை. வறட்சி வந்துவிட்டாலோ, சாலையோரப் புல்லுக்கு ஊரே அரிவாளோடு அடித்துக்கொள்ளும். சென்ற ஆண்டு ஒரு கட்டுப் புல்லுக்காக நானும் என் நாத்தனாரும் பெருநாள் வரை முகம் பார்க்கவில்லை. ஆகவே இவ்வாண்டு மழை இருக்கும்போதே புல்லைப் பதப்படுத்தி வைத்தேன்.

2. யானைப்புல்லைப் பூ வைக்கும் முன் அறுத்து, வாடவிட்டு, பொடியாக நறுக்கி, தவிடும் கரும்புப்பாகும் கலந்து பீப்பாயில் போட்டு, நானே உள்ளே இறங்கி மிதித்தேன். உள்ளே காற்று தங்கக் கூடாது. தங்கினால் பூஞ்சை பிடித்துவிடும். தலை மட்டும் வெளியே தெரிய நான் குதிப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு பாக் கசியான், "என்ன ருமி, புல்லுக்கு ஊறுகாய் போடுறியா, இல்ல நீயே ஊறப் போறியா?" என்று கேட்டார். நான் அளித்த பதில் மனுவில் எழுதத் தக்கதல்ல.

3. மேற்படியாரின் ஆடுகள் எந்த மூடியையும் விட்டுவைப்பதில்லை. எனவே பீப்பாய்களைக் குளியலறைக்குப் பின்னால் அடுக்கி, தார்ப்பாயும் வாழை மட்டையும் போட்டு மறைத்தேன். மறைத்தது ஆடுகளிடமிருந்து மட்டுமே, அரசாங்கத்திடமிருந்து அல்ல என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

4. சென்ற செவ்வாய்க்கிழமை தங்கள் அலுவலகப் பொது ஒழுங்குக் காவலர் திரு. ஹர்தியோனோ, புளித்த வாடை வருவதாகத் தகவல் கிடைத்து ஆட்களுடன் வந்தார். ஒரு மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டவர், "யம்மாடி, பழைய சரக்கு போலிருக்கே!" என்றார். "அண்ணே, அது மாட்டுக்குண்ணே" என்றேன். "அப்ப உங்க வீட்டுல மாடும் குடிக்குமா?" என்றார். கூடியிருந்த ஊரே சிரித்தது. அடக்க முடியாமல் நானும் சிரித்துவிட்டேன். அதையே என் ஒப்புதல் வாக்குமூலமாக எழுதிக்கொண்டு எட்டுப் பீப்பாய்களையும் லாரியில் ஏற்றிவிட்டார்.

5. வாடைதான் குற்றமென்றால், நோன்பு திறக்கும்போது நாம் எல்லோரும் உண்ணும் புளித்த மரவள்ளிக்கும் இதே வாடைதான். சந்தையில் அதை விற்கும் பெண்களை இதுவரை யாரும் லாரியில் ஏற்றியதில்லை.

6. லாரி குலுங்கியதில் திறந்த பீப்பாயிலிருந்து கொஞ்சம் வழியெங்கும் சிந்தியது. ஊர்ப் பெண்கள் அதை அள்ளிப்போய்த் தங்கள் மாடுகளுக்குப் போட்டார்கள். அவை தொட்டியை நக்கிவிட்டு மேலும் கேட்டுக் கத்தினவாம். மறுநாள் காலை என் வாசலில் அவர்களே நின்று, "எவ்ளோ தவிடு போடணும்? சொல்லிக்குடு அக்கா" என்றார்கள். இந்த வகையில் திரு. ஹர்தியோனோ அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

7. ஆனால் ஐயா, என் வருத்தம் வேறு. கெண்டுக் என்னும் என் இளம் பசு இம்மாதம் தலைச்சன் ஈனப் போகிறது. அதை நம்பித்தான் இத்தனையும் மிதித்தேன். இப்போது காய்ந்த சோளத்தட்டையைப் போட்டால் முகர்ந்துவிட்டு என்னையே பார்க்கிறது, எனக்குத் தாங்கவில்லை. இதற்கிடையே, தங்கள் அலுவலகத்துக்கு வருவோர் போவோருக்கெல்லாம் பீப்பாய்களைத் திறந்து முகரக் கொடுப்பதாகக் கேள்விப்படுகிறேன். ஒரு பீப்பாய் ஏற்கெனவே காற்றுப் பட்டுக் கெட்டுப்போய்விட்டது. மற்றவையும் இப்படித் திறந்து திறந்து மூடப்பட்டால், வழக்கு முடியும்போது திருப்பித் தரக் குப்பைதான் மிஞ்சும்.

8. ஆகவே பீப்பாய்களை உடனே விடுவிக்க ஆணையிட வேண்டுகிறேன். ஐயம் இருந்தால் தாங்களே ஒரு கைப்பிடி அள்ளி எந்த மாட்டின் முன்னும் வைத்துப் பார்க்கலாம். ஆணைக்குக் கால தாமதம் ஆகுமானால், அதுவரை யாரும் திறக்காதபடி மூடிகளின் மேல் உட்கார்ந்திருக்க எங்களுக்கு அனுமதி தர வேண்டுகிறேன். என்னையும் சேர்த்து எட்டுப் பெண்கள் தயாராக இருக்கிறோம். சோறு கொண்டு வருவோம், அலுவலகத்துக்குச் செலவில்லை. நாளைக் காலை தாங்கள் வரும்போது நாங்கள் ஆளுக்கொரு மூடியில் இருப்போம்.

மாடு காத்திருக்கும் அவசரத்தில்,
ருமியாத்தி
(ஒப்பம்)

இடம்: கெடுங்வாரு
நாள்: 9 செப்டம்பர் 2019