சுண்ணாம்புக்கு அடியில் இருந்த தாள்

மச்சான்,

மைதாப் பசை வாசனை வந்தாலே எனக்கு வாயில் ரத்தம் கரிக்கும். இன்று காலை பின்தெரு முனையில் ஈரம் காயாத தாள் ஒன்று ஒட்டியிருந்தார்கள். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக நானே படித்தேன். இந்தக் கடிதமும் நானே எழுதுவதுதான். ஒரு வரிக்கு ஒரு டீ ஆறிப்போகிறது.

அந்தப் பொங்கலுக்கு நீ லாரியோடு வடக்கே போயிருந்தாய். என் சுவரிலும் இப்படித்தான் ஒரு தாள் ஒட்டினார்கள். குடியிருப்பாக இருக்கும் நம் தெருவைக் கடைக்கும் லாட்ஜுக்கும் உரிய இடமாக மாற்றப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுங்கள் என்று அதில் இருந்ததாம். எனக்கு அது படம் இல்லாத போஸ்டர். பண்டிகைக்குச் சுவர் பளிச்சென்று இருக்கட்டும் என்று அன்றைக்கே அதன்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். யார் கண்ணிலும் படாமலே கெடு முடிந்தது. உன் வீட்டுக்காரர் லாட்ஜ் கட்டுகிறவருக்கு வீட்டை விற்றார்.

நீ திரும்பி வந்து என்னை அதே சுவரில் மோதினாய். "ஒட்னது இன்னான்னு தெரியலன்னா எவனையாவது கேட்டுத் தொலைக்கறதுதானேடா!" மூன்று குத்து. சுண்ணாம்பு என் முதுகில், ரத்தம் சுவரில். தெறித்த முன்பல்லை மண்ணில் தேடி எடுத்து நீயே என் கையில் திணித்தாய். "வச்சிக்க. இனிமே படிச்சிட்டு அடி சுண்ணாம்பு."

பத்தாம் நாள் உன் வீட்டைக் காலி செய்ய நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். கொதிக்கும் சோற்றுப் பானையைத் தெருவில் எறிந்தார்கள். நீ ஒருவனைத் தள்ளி மேலே உட்கார்ந்து அடித்தாய். இன்னொருவன் உருட்டுக்கட்டையை உன் முழங்கையில் இறக்கினான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. நான் செங்கல்லால் அவன் மண்டையைப் பிளந்தேன். ஆனால் உன் கை போனது போனதுதான். ஸ்டியரிங் பிடிக்க முடியாமல் கீழ்பென்னாத்தூருக்குப் போனவன், அங்கேயே முடிந்துபோனாய்.

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, சமையல் வேலை தேடித் திரும்பி வந்து பின்தெருவில் ஓர் அறை எடுத்தாள். நான் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். "இந்த வயசுல எதுக்குங்க பெரியவரே?" என்றார் டீச்சர்.

"சுண்ணாம்பு அடிக்கறதுக்கும்மா" என்றேன்.

போன கோடையில் பின்தெருவையும் மாற்றப் போவதாகத் தாள் வந்தது. வீடு வீடாகப் போய் உரக்க வாசித்தேன். ஒரு புரோக்கரின் ஆள் என் சட்டையைப் பிடித்தான். "பெருசு, வூட்ல குந்து. இருக்கற பல்லும் போயிடும்."

"ஒண்ணு போய்தான் படிக்கக் கத்துக்கினேன். இன்னொண்ணு போனா வக்கீலாயிடுவேன்டா."

அறைந்தான். காது இரைந்தது. இரைச்சலோடு மூன்று நாள் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தேன். ரேகை இல்லை மச்சான், கையெழுத்து!

இன்றைய தாளில் இருப்பது இதுதான்: பின்தெரு குடியிருப்பாகவே இருக்கும். தங்கச்சியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அழுதாள். "அவரு இருந்தா உன்னக் கட்டிப் புடிச்சிக்குவாருண்ணே."

"அவனா? அப்பவே படிக்கறதுக்கு இன்னாடான்னு இன்னொரு குத்து வுடுவான்."

ஆட்சேபணை என்று வாசிக்கும்போதெல்லாம் பல் போன சந்தில் காற்று விசிலடிக்கிறது. பல் கட்டிக்கொள்ளச் சொல்கிறார் டீச்சர். மாட்டேன் மச்சான். அது உன் கை பட்ட இடம்.