பூட்டு வா

8-1-1972, சனி

கொடியில் காயப்போட்ட என் பனியன் மூன்றாவது தடவையாகத் திருட்டுப் போயிற்று. அதையும் ஒருவன் திருடுகிறான் என்றால், அம்பத்தூரில் என்னைவிட ஏழை ஒருவன் இருக்கிறான். அதில் ஒரு திருப்தி. வாசல் படலுக்கு நல்ல பூட்டாக வாங்கி வரச் சொல்லி சொர்ணம் என்னைப் பட்டணத்துக்கு அனுப்பினாள். நான் நாயோடு வந்தேன்.

வேப்பேரியில் அநாதை நாய்களை வைத்துக் காப்பாற்றும் இடத்தைச் சும்மா எட்டித்தான் பார்த்தேன். எல்லா நாயும் கம்பியில் ஏறிக் குதித்து மனுப் போட்டன. ஒன்று மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துக் கொட்டாவி விட்டது. இருபது வருஷமாக வீட்டில் எனக்குக் கிடைக்கும் மரியாதை. உடனே சொந்தம் என்று தோன்றிவிட்டது.

"பூட்டு எங்கய்யா?" என்றாள் சொர்ணம். நாயைக் காட்டினேன். அதன் பெயரும் பூட்டு என்றே ஆயிற்று. ஒரு மாதத்துக்குள் கூப்பிட்டால் வரப் பழக வேண்டும், அடுப்பங்கரையில் மூக்கை நுழைக்கக் கூடாது, தவறினால் மறுபடி வேப்பேரி. இது அவள் தீர்ப்பு.

10-1, திங்கள்

எங்கள் கம்பெனி வாட்ச்மேன் துலுக்கானம் பழைய பட்டாளத்துக்காரர். நாய்க்கு இங்கிலீஷ்தான் புரியும் அண்ணாத்தே என்றார். சாயங்காலம் வாசலில் நின்று 'கம், கம்' என்று கத்தினேன். நாய் வரவில்லை. எதிர்வீட்டுத் தாயம்மா வந்தாள், எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்க.

11-1

ஆறு பொறை ரொட்டி. ஆறையும் தின்றது, படுத்த இடத்திலேயே. நான்தான் ஆறு தடவை அதனிடம் போயிருக்கிறேன். யார் யாரைப் பழக்குகிறார்கள்?

12-1, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

யார் வெளியே கிளம்பினாலும் வெறும் 'போ' சொல்ல மாட்டாள் சொர்ணம், ஆகாதாம். 'போய்விட்டு வா' என்றுதான் அனுப்புவாள். அவள் வாயில் அது "பூட்டு வா". காலையில் நான் வேலைக்குக் கிளம்ப, அவள் அதைச் சொல்ல, கிணற்றடியில் கிடந்த நாய் நாலுகால் பாய்ச்சலில் வந்து அவள் காலடியில் உட்கார்ந்தது. தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று!

"இன்னாய்யா, என்கிட்ட மட்டும் ஓடியாருது" என்றாள். முகத்தில் ஒரு பெருமை. நான் விளக்கம் சொல்லவில்லை. எனக்கென்ன பைத்தியமா?

16-1, ஞாயிறு

கரிநாள். பட்டாபிராமிலிருந்து மச்சான் பரந்தாமன் விருந்துக்கு வந்தான். அவனுக்கு எடுத்து வைத்த கறியைப் பூட்டு தின்றுவிட்டது. சொர்ணம் சமைத்ததை இத்தனை ஆசையாக யாரும் தின்று நான் பார்த்ததில்லை. இதை வாய்விட்டுச் சொன்னது என் தப்பு.

வரும் ஞாயிறு வேப்பேரி.

20-1

நாய் வந்த பிறகு பனியன் திருட்டுப் போகவில்லை. அதன்மேல் படுத்துத் தூங்குகிறது. இதை எடுத்துச் சொல்லியும் தீர்ப்பு மாறவில்லை.

23-1, ஞாயிறு

திட்டம் இதுதான்: நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நான் கிளம்புவேன், அவள் வழக்கம்போலச் சொல்வாள், நாய் அவளிடம் ஓடும், அவள் மனம் இளகும்.

"வரேன் சொர்ணம்" என்றேன். முறத்திலிருந்து தலை நிமிரவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். ம்ஹூம். செருப்பு வாரைச் சரி செய்தேன். திரும்ப உள்ளே போய்க் குடை எடுத்தேன் — தை மாசத்தில் குடை. படலைத் திறந்தேன். நாய் அவளையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. குனிந்து அதன் காதோடு கெஞ்சினேன். எழுத வெட்கமாக இருக்கிறது. டேய், ஒரு கொட்டாவியாவது விடேன்டா...

தெருமுனை வந்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து, தெருவே கேட்க:

"பூட்டு வா!"

கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் காலடியில் கிடந்தது. "எப்பவும் சொல்றத சொன்னேன். அது வந்துச்சின்னா நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள். மத்தியானம் எலும்புச் சாறு. எனக்கல்ல.

12-2, சனி

சொர்ணம் பட்டாபிராமுக்குத் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். நான் 'பூட்டு வா' என்றால் நாய் என்னிடம் ஓடி வரும், குட்டு உடைந்துவிடும். அதனால் மேடைப் பேச்சாளன் மாதிரி, "போய்விட்டு வா, சொர்ணம்" என்றேன்.

படலில் கை வைத்தபடி நின்றாள். சிரித்தாள்.

"அன்னிக்குத் தெருவே கேக்க நான் யாரைக் கூப்ட்டேன்னு நெனச்சிக்கினு கீறே?"

பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். நாய் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.