சாமளாபுரமே கேட்கட்டும்

அன்றைக்குப் பிள்ளையார் கோயிலில் இருந்தவர்கள்: பழனிக்கு நடப்பவர்களைக் கூட்டிப்போகும் குருசாமி நாச்சிமுத்து, அவர் பெண்டாட்டி சரசு, உன்னோடு பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்த்த, அன்றைக்கு மோர்க்குடத்தோடு வாசலில் நின்ற தெக்கத்திக்காரர் சேவியர், உன் பெண்டாட்டி கலாமணி, என் மகள் ஜோதி, நான், நீ. மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்களையும் பெயர் பெயராகச் சொல்வேன். அதற்குக் காகிதம் போதாது.

இன்று காலை ஜோதியின் பேரனுக்கு ஊசி. நர்சு ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அவன் தொடையில் தேய்த்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் சரசுவின் குரல் காதில் விழுந்தது. "கிட்டப் போனாலே வாசம் அடிக்குதுங்க. இந்த லட்சணத்துல மாலை போட வந்துட்டாரு."

அது ஆஸ்பத்திரி வாசம். நீ டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு நேராகக் கோயிலுக்கு வந்திருந்தாய். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். அவர்கள் உன் மஞ்சள் கண்ணையும் உப்பிய வயிற்றையும் பார்த்தார்கள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க," என்றார் நாச்சிமுத்து. "குடிச்சு ஈரல் போனவங்களுக்கு மாலை போட்டா சாமி குத்தமாயிருமுங்க."

"வயிறு ஏழு மாசமாட்ட இருக்குது. மாலை எதுக்கு, வளைகாப்பு வெச்சரலாம்," என்றாள் சரசு.

சிரித்தார்கள். ஜோதி அழுதாள். நான் பழனிக்கு எடுத்துப்போகும் வேலுக்கு முன்னால் போய் நின்று, "எந்தம்பி குடிச்சதைக் கண்ணுல பார்த்தவன் எவனோ, வந்து இதைத் தொட்டுச் சத்தியம் பண்ணுங்கடா!" என்று கத்தினேன். ஒருத்தனும் வரவில்லை. நீயும் வாயைத் திறக்கவில்லை. கையில் கொண்டுவந்த மாலையை வேலின் அடியில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாய்.

உன்னை எனக்குத் தெரியாதா? அப்பன் குடித்துவிட்டு வந்து அம்மாவை உதைக்கும்போது, நாம் இரண்டு பேரும் தறிக்குழிக்குள் ஒளிந்து கிடந்தோம். அந்தக் குழிக்குள் வைத்துத்தான், "அக்கா, நான் இந்தக் கருமத்தைத் தொட மாட்டேன்," என்றாய். கட்டிங் மாஸ்டர் ஆகி நாலு காசு பார்த்த பிறகும் தொடவில்லை. உனக்கு வைத்தது அப்பாருவின் பெயர். மாமனார் பெயரை அம்மா எப்படிச் சொல்வாள்? "சாமி" என்றாள். அம்மா சொல்லாத பெயரை நானும் சொன்னதில்லை. எனக்கும் நீ சாமிதான்.

அந்தப் பங்குனியிலேயே நீ செத்துப்போனாய். நாச்சிமுத்து கொண்டுவந்த பூமாலையை வாசலோடு திருப்பி அனுப்பினேன். அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. அடுப்பில் போட்டேன். சரசு காலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தபோது போய்ப் பார்த்தேன். அக்கறையில் இல்லை, எவ்வளவு வலிக்கிறது என்று பார்க்க. சேவியர் ஒருநாள் வழிமறித்துக் கேட்டார். "ஏக்கா, நான் என்னத்தப் பண்ணேன்? மோருதானே கொண்டாந்தேன்?"

"நீயுந்தான சிரிச்ச?"

"சிரிக்கலக்கா. இருமுனேன்."

"இருமறதுக்கு அந்த நேரந்தான் கெடச்சுதா?" என்றேன். அதோடு பேச்சை விட்டேன். உனக்காக இத்தனை பேரைப் பகைத்தேன், சாமி. கலாமணியையும் சேர்த்து. புருஷனுக்காக ஒரு வார்த்தை பேசாமல் நின்றாளே என்று.

போன வருசம் ஜோதி மகள் தாரணி முழுகாமல் இருந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மஞ்சள் காமாலை பி என்று ஒரு வைரஸ் இருக்கிறது, அவள் அம்மாவையும் அம்மாயியான என்னையும் கூட்டி வரச் சொன்னார்கள். போனோம். மூன்று பேருக்கும் இருந்தது. எனக்கு ஒரு நாள் காய்ச்சல்கூட இல்லை. தாரணிக்கும் இல்லை. ஜோதிக்கு மட்டும் கொஞ்ச நாளாகச் சோறு இறங்கவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள். "இது ஒரே தட்டுல சாப்பிட்டா வராது, தொட்டா வராது பாட்டி. ரத்தத்துல வரும், புருஷன் பொண்டாட்டிக்குள்ள வரும், ஒருத்தர் போட்ட ஊசியில, பிளேடுல வரும். பிரசவத்துல அம்மாகிட்டேருந்து குழந்தைக்கு வரும். பல வருசம் சத்தமில்லாம உள்ள கெடக்கும். சிலருக்கு ஈரல்ல புத்துநோயா மாறிடும். உங்க கூடப்பிறந்தவங்க யாராவது ஈரல் நோயில இறந்தாங்களா?"

"எந்தம்பி. குடிச்சுச் செத்தான்னு சொன்னாங்க."

"குடிச்சாரா?"

"இல்லை."

"அப்ப இதாத்தான் இருக்கும். குடிக்காதவங்களுக்கும் இது வரும் பாட்டி."

ஜோதியை ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கட்டி. முன்னாலேயே தெரிந்திருந்தால் மாத்திரையில் வைரஸை அடக்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்து, முளையிலேயே பிடித்திருக்கலாம் என்றாள் டாக்டரம்மா. நான் தலையை ஆட்டினேன். பெற்ற மகளுக்குப் புற்றுநோய் என்று கேட்ட அந்த நாளிலும் என் மனசின் ஒரு மூலை குளிர்ந்திருந்தது. நீ குடிக்கவில்லை. டாக்டரே சொல்லிவிட்டாள். நாச்சிமுத்து வீட்டு வாசலில் நின்று என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்தேன்.

தாரணிக்குப் பையன் பிறந்தான். பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் ஒன்று, மறுதொடையில் ஒன்று என்று ஊசி போட்டார்கள். அவனையாவது காப்பாற்ற. கலாமணி பழப்பையோடு பார்க்க வந்தாள். வராண்டாவில் வைத்து நானே பேச்சை எடுத்தேன். "கேட்டுக்க. எந்தம்பி குடிக்கலை. வைரஸாம். நாளைக்குப் போறேன் நாச்சிமுத்து ஊட்டுக்கு. அந்த ஆளை நடுவீதியில நிக்க வெச்சு…"

"வேண்டாமுங்க அண்ணி."

"ஏன் வேண்டாம்?"

"நாச்சிமுத்தண்ணங்கிட்டக் குடிச்சேன்னு சொன்னது உங்க தம்பியேதானுங்க."

எனக்கு விளங்கவில்லை.

"கோயமுத்தூரு டாக்டரு அப்பவே வைரஸுன்னு சொல்லிட்டாருங்க. பொறப்புல வந்திருக்கும், கூடப்பொறந்தவங்களையெல்லாம் கூட்டிட்டு வாங்கன்னும் சொன்னாரு. எங்க மக சுதாளுக்கு அப்பத்தான் மாப்பிள்ளை பார்த்துட்டிருந்தோம். ஒட்டற சீக்கு இருக்கற குடும்பமுன்னு தெரிஞ்சா யாருங்க பொண்ணெடுப்பா? குடிகாரன் மகளுன்னாப் பரவால்லைன்னாரு."

"உனக்கு? சுதாளுக்கு?"

அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "ரத்தம் பார்த்தோமுங்க. இல்லைன்னாங்க. மூணு ஊசி போட்டுக்கிட்டோம்."

"எனக்கு ஏண்டி சொல்லலை?"

"அக்காகிட்டச் சொன்னாச் சாமளாபுரமே கேட்டுருமுன்னாருங்க. கண்ணாலம் முடியட்டும், சொல்லிக்கலாமுன்னாரு. அதுக்குள்ள போயிட்டாரு. சுதா தலைமேல சத்தியம் வாங்கிட்டாருங்க அண்ணி."

கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். நர்சு ஓடி வந்தாள். பழமெல்லாம் வராண்டாவில் உருண்டது.

ஜோதிக்கு உன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவளைவிட நீதான் அதிகம் நடுங்கினாய். தாய்மாமன் என்று பட்டுப்பாவாடை எடுத்தாய், சீர் வைத்தாய். அன்றைக்குக் கோயிலில் உனக்காக அழுத ஒரே ஆள் அவள். அவள் ஈரலில் என்ன இருக்கலாம் என்று தெரிந்துகொண்டே அந்த அழுகையைப் பார்த்துவிட்டுப் போனாய். உன் வீட்டுக்கு ஊசி போட்டுப் பத்திரம் பண்ணினாய். என் வீட்டைத் திறந்து போட்டுவிட்டாய்.

என் வாய்க்குப் பயந்தாயாமே? சரி, அந்த வாய் இப்போது என்ன செய்கிறது கேள். ரேஷன் கடையில் சொல்கிறேன். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பொம்பளைகளிடம் சொல்கிறேன், இந்திக்காரப் பிள்ளைகளுக்குக் கையைக் காட்டியாவது புரியவைக்கிறேன். ஒருதரம் ரத்தம் பாருங்கள், வைரஸ் இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இருந்தால் டாக்டரைப் பாருங்கள், பிறக்கிற குழந்தைக்கு அன்றைக்கே போடுங்கள். இந்தத் தை மாதம் மாலை போடும் நாளில் அதே கோயிலுக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். எந்தம்பி குடிக்கவில்லை என்று சொன்னேன், பொய் சொன்னான் என்றும் சொன்னேன்.

"கோயில்ல சீக்குப் பேச்சு எதுக்குங்க?" என்றாள் சரசு.

"நீ வளைகாப்புப் பேசுன எடந்தான?"

அந்த வாரமே மருமகளைக் கூட்டிக்கொண்டு ரத்தம் பார்க்கப் போனாளாம். நாச்சிமுத்து பெட்டியைத் திறந்து ஒரு துளசி மாலையை எடுத்து நீட்டினார். "அன்னிக்கு உங்க தம்பி வெச்சுட்டுப் போனதுங்க. தூக்கிப்போட மனசு வரலை." நான் வாங்கவில்லை. வாசலில் சேவியரின் மோர் இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

ஜோதி இப்போது கோயமுத்தூருக்குப் போய் வருகிறாள். பாதி உடம்பாகிவிட்டாள். "மாமனை விட்டுருங்கம்மா. பயந்துட்டாரு, அவ்வளவுதான்," என்கிறாள். அவள் விடலாம். அது அவள் ஈரல்.

தினமும் சாயங்காலம் நானும் ஒரு மாத்திரை போடுகிறேன். அம்மா நம் இரண்டு பேருக்கும் கொடுத்தது என் ரத்தத்தில் இன்னும் ஓடுகிறது. சாகிறவரைக்கும் சுமக்க வேண்டியதுதான். அம்மா தெரியாமல் கொடுத்தாள், அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாச்சிமுத்து மேலும் இல்லை, சரசு மேலும் இல்லை. கலாமணி வேறு வீட்டிலிருந்து வந்தவள். தன் மகள் தலைக்குப் பயந்தாள், அவளும் போகட்டும்.

இனி உன்னைச் சாமி என்று கூப்பிட எனக்கு வாய் வராது. அம்மா சொல்லாத அந்தப் பெயரை முதல்தடவையாகச் சொல்கிறேன். நான் மன்னிக்காத ஆள் தண்டபாணி.