படி இறங்கி வந்த சேதி

மைசூர், 1939

இன்னைக்குப் பத்தேகாலுக்கு உத்தரவு வந்துச்சுங்கம்மா, உங்க மருமகன் மாதப்பன் இனி கரெண்டாபீசு சூப்பர்வைசரு. கும்பிட்டுக்கறேன். உங்க கால்வலி தேவலையா? பாப்பா நல்லாத் தூங்கறாளா?

இப்ப என் மேசையில டெலிபோன் இருக்குது. உங்க மக மாதேவிக்கு முடியாமப் போனப்ப, கொள்ளேகால் ஆஸ்பத்திரியில இருந்து காலையிலேயே இதுலதான் சேதி வந்துச்சு. அப்ப நான் லைன்மேன்; லைன்மேனுக்கு நேரா சொல்றது இங்க வழக்கமில்லை. ஆபீசரு ஹெட்கிளார்க்குகிட்ட, அவரு மேஸ்திரிகிட்ட, மேஸ்திரி எங்கிட்டன்னு எறங்கி வர்றதுக்குள்ள கடைசி பஸ்ஸு போயிருச்சு. நான் வந்தப்ப மண்ணு மூடியாச்சு. ஏன் பிந்துனேன்னு நீங்க கேக்கவே இல்லை.

மத்தியானம் டெலிபோன் அடிச்சுது. லைன்மேன் மல்லப்பன் பொஞ்சாதிக்கு பிரசவத்துல செரமமாம். நானே கம்பத்தடிக்கு ஓடிப்போயி சொன்னேன். "ஏனப்பா, சூப்பர்வைசரே பியூன் வேலையும் பாப்பாரா?"ன்னு ஹெட்கிளார்க்கு சிரிச்சாரு. மல்லப்பன் பஸ்ஸைப் புடிச்சுட்டான்.

பக்கத்து வீட்டு கௌரம்மாக்கா இந்தப் பக்கம் வந்தா களி கெளர்ற கோலு ஒன்னு குடுத்தனுப்புங்க. புதுசு வேண்டாம், மாதேவி வெச்சிருந்ததே போதும்.

தபாலுக்கு நேரமாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. மறுபடி மணி அடிச்சா, மல்லப்பன் பொஞ்சாதி என்ன ஆனாளோ, நான்தான் கேக்கணும். அதுக்குத் தெம்பில்லைங்கம்மா. மணியே அடிக்காம இருக்கட்டும்னு ரிசீவரைக் கொக்கியில இருந்து எடுத்துக் கீழ வெச்சுட்டேன்.